வெள்ளிக்கிழமைப் புளுகு

கூத்தாநல்லூர் கடைத்தெருவில் நான் பிரவுசிங் சென்டர் நடத்திக்கொண்டிருந்த காலத்தில், மத்தியானச் சாப்பாடு முடிந்து அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வரைக்கும் ஈ ஓட்டுவதுதான் வேலை. காலையில் பிள்ளைகள் பரீட்சை முடிவு பார்க்க வருவார்கள். சாயங்காலம் பெண்கள் வருவார்கள், குவைத்திலும் துபாயிலும் இருக்கிற மகனையோ மாப்பிள்ளையையோ வெப்கேமராவில் பார்க்க. நடுவில் கிடைத்த அந்த வெறும் நேரத்தில்தான் வலைப்பூ எழுத ஆரம்பித்தேன்.

எழுதினேன் என்றதும் கதை, கவிதை என்று நினைத்துவிட வேண்டாம். அந்தச் சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. கண்ணில் பட்ட வினோதங்களைப் படம் பிடித்துப் போட்டு, கீழே நாலு வரி எழுதுவேன். தஞ்சாவூர் அரண்மனைக்குள் ஒரு திமிங்கலத்தின் எலும்புக்கூடு இருக்கிறதே, ராஜாக்கள் வாழ்ந்த இடத்தில் அதற்கு என்ன ஜோலி? வயலில் நிற்கும் நத்தைகுத்தி நாரை வாயை இறுக மூடினாலும் அலகுக்கு நடுவே ஏன் சந்து தெரிகிறது? கோடியக்கரைக் காட்டில் குதிரைகள் யாருக்கும் சொந்தமில்லாமல் எப்படித் திரிகின்றன? கூடவே கொஞ்சம் ஊர்ச் சிரிப்பும் இருக்கும். 'உயிர்க்கோழி, சிம் கார்டு, பாஸ்போர்ட் போட்டோ' என்று ஒரே பலகையில் எழுதி மாட்டிய கடை ஒன்றைப் படம் எடுத்துப் போட்டேன். அந்தக் கடைக்காரர் கோபித்துக்கொள்வார் என்று பார்த்தால், அடுத்த வாரம் பலகைக்குப் புது பெயின்ட் அடித்துவிட்டு இன்னொரு படம் எடுக்கச் சொன்னார்.

படித்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வெளிநாட்டில் இருந்த நம்மூர்க்காரர்கள். பயணம் போனவர்களை எங்கள் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் சபராளி என்பார்கள். இந்து வீடுகளில் அப்படி ஒரு சொல் இல்லாவிட்டாலும் போவதில் குறைச்சல் இல்லை. என் வீட்டுக்காரரும் மஸ்கட்டில் எலக்ட்ரீஷியனாக இருந்தார். எங்கள் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, மாமனாரையும் மாமியாரையும் பார்த்துக்கொண்டு, கம்ப்யூட்டர் படித்த படிப்பு வீணாகப் போகக் கூடாது என்று தினமும் மன்னார்குடிப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து அந்தக் கடையைத் திறந்தேன். வளைகுடாவில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அன்றைக்கு அங்கே எந்த ஊரில் எந்த நம்மாள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாலும் என் வலைப்பூவைத் திறப்பான் என்று ஒரு கர்வம் எனக்கு இருந்தது.

எனக்கு ஒரு வியாதி உண்டு. பொய்ச் செய்தியைக் கண்டால் உடம்பு எரியும். பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழவே விழாது என்று ஒருவர் பின்னூட்டம் எழுதினார். ஏன், விழுந்தால் அதற்கு அடிபட்டுவிடுமா என்று கேட்டேன். அவர் விடவில்லை. மறுநாள் கடையைப் பூட்டிவிட்டுத் தஞ்சாவூர் போய், அந்த நிழலுக்குள்ளேயே நின்று படம் எடுத்துப் போட்டேன். 'கேமராவில் கோளாறு' என்று ஒருவரும், 'நீங்கள் தமிழ்ப் பெண்தானா' என்று இன்னொருவரும் எழுதினார்கள். வெயிலுக்கு நிழலில் நின்றது குற்றமாகிவிட்டது.

அப்படிப்பட்ட நான் புளுகுக்கென்றே வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கினேன் என்றால், காரணம் அத்தா.

அத்தா என்றால் முஸ்லிம் வீடுகளில் அப்பா. ஆனால் இவர் என் அப்பா இல்லை. கடைக்கு மூன்று தெரு தள்ளிக் குடியிருந்த ஒரு முஸ்லிம் பெரியவர். இள வயதில் பினாங்கில் மளிகைக் கடையில் இருந்துவிட்டு வந்தவர். அவருடைய ஒரே மகன் குவைத்தில் ஒரு பண்டகசாலையில் வேலை பார்த்தான். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மனைவியை மகனோடு பேச அழைத்துவருவார். அந்த அம்மா உள்ளே போய் கேமரா முன்னால் உட்காருவார். இவர் மட்டும் உள்ளே வரமாட்டார், போனிலும் பேசமாட்டார். வாசலில் என் மேஜைக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

"நீங்களும் போய்ப் பேசுங்களேன் அத்தா."

"மிஷின்ல பேசுனா எனக்குப் பொய் வராதும்மா. ஆளு முகத்தைப் பார்த்தாத்தான் வரும். பொய் இல்லாம அவன்கிட்ட நான் என்னத்தப் பேசுறது?"

அன்றைக்கு அவருடைய கண் என் திரையில் இருந்த திமிங்கலத்தின் மேல் விழுந்தது. கடலோரம் ஒதுங்கியதைக் கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள் என்று நான் எழுதியிருந்தேன். அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டவர், தலையை ஆட்டினார்.

"யாரோ உனக்குத் தப்பாச் சொல்லியிருக்காங்க. இது வெண்ணாத்துல வந்தது. ஆடியில தண்ணி வர்றப்ப கடல்லேர்ந்து எதிர்நீச்சல் போட்டு ஏறி வந்துருச்சு. நம்ம மதகுல வந்து நிக்குது. கதவைத் தொறந்து விடுன்னு ஊரே கெஞ்சுது. லஸ்கரு தொறக்க மாட்டேன்னுட்டாரு. மேலேர்ந்து உத்தரவு வரணும்னாரு. உத்தரவு தஞ்சாவூர்லேர்ந்து திருச்சிக்குப் போயி, திருச்சிலேர்ந்து மெட்ராஸுக்குப் போயி, திரும்பி வர்றதுக்குள்ள வெறும் எலும்புதான் நின்னுச்சு. உத்தரவுல 'திமிங்கலத்தை அனுமதிக்கலாம்'னு போட்டிருந்ததால எலும்பை அனுமதிச்சுட்டாங்க."

மதகுக் கதவைத் திறக்கிற லஸ்கரிடம் தண்ணீருக்காகக் கெஞ்சிப் பழகியவர்கள் எங்கள் பக்கத்து ஜனங்கள். நான் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்த பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். சொன்னதைச் சொன்னபடி தட்டச்சு செய்து, 'வெள்ளிக்கிழமைப் புளுகு' என்று தலைப்புக் கொடுத்துப் போட்டேன். அன்றைக்கு வந்த பின்னூட்டங்கள் அதுவரை எந்தப் பதிவுக்கும் வந்ததில்லை. முதலில் எழுதியது அவர் மகன்தான்: 'இது எங்க அத்தாவேதான். அக்கா, இனிமே வாராவாரம் வேணும்.'

வாராவாரம் வந்தது. பெரிய கோயில் விமானத்தில் தொப்பி வைத்த வெள்ளைக்காரன் முகம் ஒன்று இருக்கிறதல்லவா, அது வெள்ளைக்காரனே இல்லையாம். பினாங்கிலிருந்து புதுத் தொப்பியோடு வந்த அத்தாவின் கொள்ளுத் தாத்தாவாம். உச்சியைப் பார்க்க ஏறியவரை இறங்கவிடாமல் ஒரு அதிகாரி, ஏறுவதற்குச் சீட்டு இருக்கிறது, இறங்குவதற்கு எங்கே என்று கேட்டுவிட்டாராம். கேட்பவர்களுக்கெல்லாம் இது புளுகு என்று தெரியும், சொல்பவருக்கும் தெரியும், அதனால் என் வியாதி கிளம்பவில்லை. மகன் தங்கியிருந்த அறையில் எல்லோரும் டெல்டாக்காரர்கள். திருவாரூர், முத்துப்பேட்டை, வேதாரண்யம் என்று ஆளுக்கொரு ஊர். வெள்ளிக்கிழமை பிரியாணி கிண்டிவிட்டு, ஒருவன் உரக்கப் படிக்க மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டே கேட்பார்களாம். கையில் இருந்த எலும்பைக் கீழே போடாமல் சிரித்தோம் என்று எழுதுவார்கள்.

ஒரு சித்திரை மாதத்துக் காலையில், சுபுஹுத் தொழுகை முடிந்து திரும்புகிற வழியில், டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்த அத்தா அப்படியே சாய்ந்துவிட்டார். நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போது பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அவர் இறந்துபோனதைச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடையைத் திறக்காமல் நேரே அந்த வீட்டுக்குப் போனேன். பெண்கள் பக்கத்தில் ஒரு மூலையில் நின்று அழுதேன். வாய் ஓயாத மனுஷன் வாயை மூடிக் கிடந்ததை என்னால் பார்க்க முடியவில்லை.

மத்தியானமே குவைத்திலிருந்து எனக்குப் போன் வந்தது. மகன் இல்லை, அவனோடு அதே அறையில் இருந்த முத்துப்பேட்டைக்காரர்.

"அக்கா, வலைப்பூவுல எதுவும் போட்டுறாதீங்க. அவனுக்குச் சொல்லலை."

எனக்குப் புரிந்தது. எங்கள் பக்கத்தில் இது புதிதில்லை. பயணம் போனவனுக்குச் சாவுச் செய்தி சொல்வதில்லை. அவன் ஊருக்கு வந்து, குளித்து, சாப்பிட்டு உட்கார்ந்த பிறகுதான் சொல்வார்கள். பெட்டியில் தகப்பனுக்குச் சட்டைத்துணியோடு வந்து இறங்கியவர்களை எனக்கே தெரியும். ஆனாலும் மூன்றாம் நாள் அந்த அம்மாவைப் பார்க்கப் போனபோது எனக்குக் கோபம்தான் வந்தது. இத்தா இருக்கிற அறையில் வெள்ளைச் சேலை கட்டி உட்கார்ந்திருந்தார். கணவன் இறந்தால் நாலு மாதமும் பத்து நாளும் வெளியே வராமல் இருப்பது அவர்கள் முறை. தாலிபோல அவர்கள் கட்டுகிற கருகமணி கழுத்தில் இல்லை. அந்த வெறும் கழுத்தைப் பார்க்க எனக்கு என்னவோபோல் இருந்தது.

"அவன் பெத்த மகன்மா. அவன்கிட்ட மறைக்கலாமா?" என்று கேட்டேன்.

"சொன்னா என்ன செய்வான்? ஒப்பந்தம் முடியாம விடமாட்டாங்க. பாஸ்போர்ட்டு அவங்க கையில. அங்க அழுவான். நான் இங்க இத்தாவுல கெடக்கேன். அங்க யாரும்மா அவனைப் பிடிச்சுக்குவா?"

நான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.

"இங்க வந்து என் மடியில கெடந்து அழட்டும். எத்தனை நாள் வேணும்னாலும் அழட்டும். அதுவரைக்கும் அவனுக்கு அத்தா இருக்கட்டும்." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் வெள்ளிக்கிழமை அதைத்தான் முதல்ல தேடுவான். அது வரலைன்னா அன்னைக்கே கண்டுபிடிச்சுடுவான். உன்னைக் கும்பிட்டுக் கேக்குறேன். கதை நிக்கக் கூடாதும்மா."

கும்பிட எடுத்த கையை நான்தான் பிடித்துக் கீழே இறக்கினேன்.

நிழலுக்காகத் தஞ்சாவூர் வரை சண்டைக்குப் போனவள், செத்துப்போன மனுஷனின் பேரில் கதை எழுத உட்கார்ந்தேன். முதல் வெள்ளிக்கிழமைக்கு நத்தைகுத்தி நாரையைப் பிடித்தேன். சிங்கப்பூர் போகும்போது பாஸ்போர்ட்டை அலகில் இடுக்கிக்கொண்டே பறந்ததால் வந்த சந்து அது என்று எழுதினேன். எழுதிவிட்டுப் படித்தால் எனக்கே சிரிப்பு வரவில்லை. தட்டச்சுப் பலகை மேல் தண்ணீர் சொட்டியது. மறுபடி படிக்கப் பொறுக்காமல் அப்படியே போட்டுவிட்டேன்.

பின்னூட்டங்கள் வந்து குவிந்தன. குவைத், துபாய், சவூதி, புருனே, சிங்கப்பூர் என்று எல்லா ஊரிலிருந்தும். ஒவ்வொருவருக்கும் வீட்டிலிருந்து சேதி போயிருந்தது. மகன் ஒருவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும். 'அத்தா இந்த வாரம் ஜோர்', 'அத்தாவை அடிச்சுக்க ஆளில்லை', 'நாரைக்கு எந்த ஊர் விசா' என்று எழுதியவர்கள் அத்தனை பேரும் அன்றைக்கு அழுதுகொண்டு எழுதினார்கள் என்று பின்னால் சொன்னார்கள். வழக்கமாகப் பொருளாதாரம், அரசியல் என்று ஒருவரோடொருவர் மல்லுக்கு நிற்கிற கூட்டம் அது. ஒருவருக்கொருவர் ஒரு வார்த்தை பேசிவைத்துக்கொள்ளாமல் அந்த ஒரு பொய்யைக் கீழே விழாமல் பிடித்துக்கொண்டது.

கடைசியாக மகன் எழுதினான்: 'கதை நல்லாருக்கு அக்கா. ஆனா அதிகாரி எங்கே? அத்தாவுக்கு உடம்பு சரியில்லையா?'

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அத்தாவின் எல்லாப் புளுகிலும் ஒரு அதிகாரி வருவார், உத்தரவோ சீட்டோ கேட்பார், காரியத்தைக் கெடுப்பார். நான் அதைக் கவனிக்கவே இல்லை. அடுத்த வாரத்திலிருந்து அதிகாரி இல்லாமல் ஒரு கதையும் எழுதவில்லை. கோடியக்கரைக் குதிரைகளுக்கு லாடம் அடிக்க விண்ணப்பம் கேட்ட அதிகாரி, மீன்கொத்திக்கு உரிமம் கேட்ட அதிகாரி, வேளாங்கண்ணிக் கடற்கரையில் அலைகளை வரிசையில் வரச் சொன்ன அதிகாரி. மகனும் பழையபடி முதல் ஆளாக வந்து சிரித்துவிட்டுப் போனான். பிழைத்தோம் என்று நினைத்தேன்.

போனில் அவன் கேட்கும்போதெல்லாம் அந்த அம்மா, அத்தா பள்ளிக்குப் போயிருக்கிறார், கடைக்குப் போயிருக்கிறார் என்று சொல்லிவந்தார். அத்தாவுக்குப் போன் பிடிக்காதது அப்போது நல்லதாகப் போயிற்று. வெப்கேமராவுக்கு வாங்க என்று அவன் கூப்பிட்டால் முழங்கால் வலி, மூன்று தெரு நடக்க முடியவில்லை என்பார். எல்லாப் பக்கமும் அடைத்துவிட்டதாக நாங்கள் திருப்தியாக இருந்தோம்.

நான் இதையெல்லாம் மஸ்கட்டில் இருந்த என் வீட்டுக்காரரிடம் போனில் சொல்லிக்கொண்டே வந்தேன். ஆரம்பத்தில் சிரித்தவர், ஒரு நாள் கேட்டார்: "எங்க அப்பாவுக்கு ஒண்ணுன்னா எனக்கும் இப்படித்தான் பண்ணுவியா?"

"சேச்சே" என்றேன்.

"அன்னைக்கு ஏன் அப்பா போனுக்கு வரலை?"

"கொல்லையில மாட்டுக்குத் தண்ணி காட்டிட்டு இருந்தாரு."

"நெஜமா?"

நிஜம்தான். ஆனால் அந்த நிஜத்தை நிரூபிக்க என்னிடம் ஒன்றும் இல்லை. மறுநாள் மாமனாரைக் கையோடு பிடித்து இழுத்துவந்து ரிசீவரைக் காதில் வைத்தேன். அவர் ஒரு சுகக்கேடும் இல்லாமல், மழை இல்லை என்று அரை மணி நேரம் புலம்பினார். எதிர்முனையில் என் வீட்டுக்காரர் அதை ஆசையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

புரட்டாசி பிறக்கும்போது இத்தா முடிந்தது. முதல் வெள்ளிக்கிழமையே அந்த அம்மா கடைக்கு வந்துவிட்டார். உள்ளே போய்ப் பர்தாவைக் கழற்றியதும் நான் திகைத்துப்போனேன். மயில்கழுத்து நிறத்தில் பட்டுக்கரை போட்ட சேலை. காதில் தோடு. கழுத்தில் கருகமணி.

"போட்டது தப்புதாம்மா" என்றார் நான் கேட்காமலே. "அவன் பார்க்கிற வரைக்கும்தான். அல்லா மன்னிச்சுக்குவான்."

நான் ஹெட்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரைப் போட்டேன். கேமராவைச் சரிசெய்து கொடுத்துவிட்டு நகரப் பார்த்தவளைக் கையைப் பிடித்து உட்காரவைத்துக்கொண்டார். திரையில் மகன் வந்தான். முகம் கொஞ்சம் ஒட்டிப்போயிருந்தது. அந்தக் காலத்துக் கேமரா, படம் நின்று நின்றுதான் வரும். படம் நின்றுவிட்டதோ என்று நான் எட்டி மவுஸை ஆட்டிப் பார்த்தேன்.

"முழங்கால் எப்படிம்மா இருக்கு?"

"இப்ப தேவலை. நடந்துதான் வந்தேன்."

"அத்தா?"

"வெளியில உக்காந்திருக்காங்க. எப்பவும்போல."

அவன் அம்மாவின் முகத்தையே பார்த்தான். பிறகு மெதுவாகச் சொன்னான்: "அந்தக் கருகமணியைக் கழட்டிருங்கம்மா."

அந்த அம்மாவின் கை கழுத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

"யாருடா சொன்னா உனக்கு?"

"யாரும் சொல்லலை. நாலு மாசமும் பத்து நாளும் அம்மா வெளியில வரலைன்னா, எந்தப் புள்ளைக்கும்மா தெரியாது?"

எவ்வளவு பெரிய மடத்தனம் செய்திருக்கிறோம் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. போனை மறைத்தோம், கேமராவை மறைத்தோம், அதிகாரியைக்கூட மறக்காமல் கொண்டுவந்து நிறுத்தினோம். இத்தா ஒன்றை மறைக்க வேண்டும் என்று ஊரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அது அவர்களுக்கு மூச்சு விடுவதுபோல. அதை ஒருவன் தூரத்தில் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருப்பான் என்று யார் நினைத்தார்கள்?

"ரெண்டாவது மாசமே சந்தேகம் வந்துருச்சும்மா. ரூம்ல எல்லார் முகத்தையும் பார்த்தேன். ஒருத்தரும் என்னை நிமிந்து பார்க்கலை. அதோட தெரிஞ்சுபோச்சு."

அந்த அம்மா கருகமணியைக் கழற்றிக் கைக்குள் மூடிக்கொண்டார். அழுகை வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அவருக்குக் கேட்க வேண்டியது ஒன்று இருந்தது.

"அன்னைக்கு உன்னை யாருடா பிடிச்சுக்கிட்டா?"

மகன் கேமராவைத் திருப்பினான். சுவரோரம் இரண்டு அடுக்குக் கட்டில்கள். அவற்றின் மேலும் கீழும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள், எல்லோரும் தலைகுனிந்து. "இவங்கதாம்மா" என்றான். "மூணு நாள் என்னைத் தனியா விடலை. மாத்தி மாத்தி லீவு போட்டாங்க. உங்ககிட்டச் சொல்ல வேணாம்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். நான் தனியா அழுதேன்னு தெரிஞ்சா நீங்க இத்தாவுல தாங்க மாட்டீங்க."

அப்போதுதான் அந்த அம்மா வாய்விட்டு அழுதார். அங்கே அவனும் அழுதான். பக்கத்துத் தடுப்புகளில் பேசிக்கொண்டிருந்த பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு எழுந்து வந்து நின்றார்கள். ஒருத்தி அவர் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். நானும் அழுதேன், வெட்கமில்லாமல். அவனை ஏமாற்றுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருந்த என்னைத்தான் ஒரு அறை நிறைய ஆம்பளைகள் அத்தனை வாரமும் ஏமாற்றியிருக்கிறார்கள்.

கொஞ்சம் தெளிந்ததும் மகன் என்னைக் கூப்பிட்டான். "அக்கா, கதையெல்லாம் நல்லாத்தான் எழுதினீங்க. ஆனா உங்க அதிகாரி ரொம்ப நல்லவரு. கடைசியில மனசு எறங்கி கையெழுத்துப் போட்டுடுறாரு. அத்தாவோட அதிகாரி உசுரே போனாலும் போடமாட்டாரு."

அந்த அழுகைக்கு நடுவிலும் அவன் அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "ஆமாடா" என்றார் மூக்கை உறிஞ்சிக்கொண்டு. "அவங்களுக்கு அதிகாரின்னாலே ஆகாது."

அதற்குப் பிறகு அறையிலிருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கேமரா முன்னால் வந்தார்கள். அத்தனை மாதமும் கேட்க முடியாத துக்கத்தை அப்போதுதான் கேட்டார்கள். முத்துப்பேட்டைக்காரர் அத்தாவுக்காக துவா ஓதினார். இந்துப் பையன்கள் கைகூப்பி நின்றார்கள். கடைசியாக வேதாரண்யத்துக்காரர் வந்தார். அவருடைய அப்பா உப்பளத்தில் வேலை பார்ப்பவர் என்று எனக்குத் தெரியும். என் பதிவுகளில் உப்பைப் பற்றி எழுதச் சொல்லி அடிக்கடி கேட்பார், அவ்வளவுதான் பழக்கம். அந்த அம்மாவிடம் பேசிவிட்டு நகராமல் நின்றார்.

"அக்கா, ஒண்ணு கேக்கவா?"

"கேளுங்க தம்பி."

"எங்க வீட்டுல எல்லாரும் இருக்காங்கல்ல?"

மற்றவர்களும் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். எல்லோருக்கும் அதே கேள்வி இருந்தது. ஒருத்தர் கேட்டுவிட்டார், மற்றவர்கள் கேட்கவில்லை.

"இருக்காங்க தம்பி. நல்லா இருக்காங்க" என்றேன்.

அவர் வீடு எந்தப் பக்கம் என்றுகூட எனக்குத் தெரியாது. தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல் சொல்லிவிட்டு என்னால் இருக்க முடியவில்லை. முத்துப்பேட்டைக்காரருக்குப் போன் போட்டு முகவரி கேட்டுக்கொண்டு, சனிக்கிழமை காலை திருத்துறைப்பூண்டி போய், அங்கிருந்து வேதாரண்யம் பஸ் ஏறினேன். அந்த வீட்டில் ஒரு மாலை போட்ட படம் இருந்தால் நான் என்ன செய்வேன், அடுத்த வெள்ளிக்கிழமை அந்தப் பையனுக்கு எந்த முகத்தைக் காட்டுவேன் என்று வழியெல்லாம் அதே நினைப்பு.

வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டில் கேட்டேன். "அளத்துக்குப் போயிருப்பாங்க" என்று கையைக் காட்டினார்கள். அந்த வெயிலில் உப்பளத்து வரப்பில் நடந்தேன். தூரத்தில் குடிசைகள்போல வரிசையாகத் தெரிந்தவை கிட்டப் போனால் உப்புக் குவியல்கள். மழைக்கு முன்னால் பனை ஓலையால் கூரை வேய்ந்துகொண்டிருந்தார்கள். தலையில் துண்டு கட்டிய ஒரு பெரியவர் குவியலின் உச்சியில் நின்று, கீழேயிருந்த மனைவியை, ஓலையைத் தலைகீழாகத் தூக்கிக் கொடுக்கிறாய் என்று கத்திக்கொண்டிருந்தார். அந்த அம்மாள் பதிலுக்கு அதைவிடச் சத்தமாகக் கத்தினார். பேரைக் கேட்டேன். அவர்கள்தான்.

இரண்டு பேர் சண்டை போடுவதைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

"யாரும்மா நீங்க?" என்றார் பெரியவர் மேலிருந்தபடியே.

"உப்பைப் படம் எடுக்க வந்தேங்க."

"உப்புல என்ன இருக்கு படம் எடுக்க?"

"நீங்க அப்படியே நில்லுங்க" என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை புளுகு போடவில்லை. வேதாரண்யத்தில் உப்புக்கும் கூரை உண்டு, மழை வந்தால் மனுஷனுக்கு முன்னால் உப்பைத்தான் மூடுவார்கள் என்று நாலு வரி எழுதி, அந்தப் படத்தைப் போட்டேன். உப்புக் குவியலின் மேல் பெரியவர் இடுப்பில் கைவைத்து நின்றார். கீழே அவர் மனைவி ஓலையைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

உப்பைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. 'அக்கா, அடுத்து எங்க ஊருக்கும் வாங்க' என்று ஆளுக்கொரு ஊரை எழுதியிருந்தார்கள். வேதாரண்யத்துக்காரர் எழுதியது ரொம்ப நேரம் கழித்துத்தான் வந்தது.

'அப்பா இளைச்சுப்போயிட்டாரு. ஆனா நிக்கிறாரு.'